1966-ஐ இதழ்களில் வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் வாசகர்கள் பழைய ஆண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆண்டில் வந்த கதைகளையும் கட்டுரைகளையும் அவை முதலில் அச்சான இதழ்களிலேயே தேடி வாசித்து, தேறியவற்றைப் பட்டியல் போடுகிறார்கள். இந்தச் சுற்றுக்கு 1966. புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

ஏன் 1966?

எந்தப் பக்கம் புரட்டினாலும் விஷயம் இருக்கும் ஆண்டு. ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்திய அந்த மாநாட்டின் பேச்சு, படம், சர்ச்சை எல்லாம் இங்குள்ள தமிழ் நாளேடுகளின் பக்கங்களை நிறைத்தன. ஆகஸ்ட் 11-இல் இந்தோனேசியாவுடனான மோதல் ஒப்பந்தத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டில் மலாய் ஒன்றே அதிகாரத்துவ மொழியாகப் போகிறது என்ற கேள்வி தமிழ்ப்பள்ளி வாசல்வரை வந்திருந்தது. செயற்கை ரப்பரின் போட்டியில் ரப்பர் விலை இறங்க, தோட்டங்களைத் துண்டாடி விற்பதும் நடந்துகொண்டிருந்தது.

தமிழகத்தில் அதே ஆண்டு தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்', சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' இரண்டும் நூலாக வந்தன. நவம்பரில் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. அமெரிக்க இதழ்களில் செய்திக் கட்டுரை கதையின் உத்திகளைக் கையில் எடுத்துக்கொண்ட காலமும் இதுதான். அதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

உள்ளூர்ச் சங்கதி ஒன்றும் உண்டு. அப்போது பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் நம் தொகுதி உறுப்பினர் வீ. தி. சம்பந்தன். இதழ் தாமதமானால் யாரைத் திட்டுவது என்பதில் இங்கே யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது.

நல்ல கதைகள்தான் தொகுப்புகளில் வந்துவிட்டனவே, பழைய இதழ்களை ஏன் கிளற வேண்டும்?

தொகுப்பில் கதை மட்டும்தான் இருக்கும். இதழில் அதன் முன்னும் பின்னும் இருந்தவையும் இருக்கும்.

'அக்கினிப் பிரவேசம்' கதையையே பாருங்கள். மழை மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண் ஒரு காரில் ஏறுகிறாள், கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்தவளைத் தாய் முதலில் அடித்தாலும், பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். இன்று இதை வாசிப்பவர்களில் பலருக்குப் பின்னால் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' தெரியும். தாய் அப்படி மன்னிக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நாவல் போகிறது. இந்தச் சிறுகதையே நாவலுக்குள் ஒரு பாத்திரம் எழுதிய கதையாகவும் வருகிறது. அந்த நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. ஆனால் 1966 நவம்பர் வாசகருக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் கையில் இருந்தது தண்ணீர் ஊற்றும் தாய் மட்டும். அந்த முடிவு ஏன் அவ்வளவு பேரைச் சுட்டது என்று அறிய வேண்டுமானால், அடுத்தடுத்த வார இதழ்களின் கடிதப் பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கதை வந்த இதழோடு அதற்குப் பின்வந்த ஆறு இதழ்களையும் சேர்த்து வாசிப்பது என்ற விதி அதனால்தான்.

மலேசிய வாசகர் கடிதம் தேடுபவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' போன்ற கப்பலில் பினாங்கு வந்து இறங்கவே கிட்டத்தட்ட ஒரு வாரம். அங்கிருந்து ஏஜெண்டு, கடை, தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) வீடு என்று இதழ் கைமாறி, பதில் கடிதம் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். ஆக, நவம்பர் கதைக்கான இங்குள்ளவர் கருத்து 1967 ஜனவரி, பிப்ரவரி இதழ்களில் ஒளிந்திருக்கலாம்.

எந்தெந்த இதழ்கள்?

முதலில் உள்ளூர்: தமிழ் நேசன், தமிழ் முரசு இரண்டின் ஞாயிறு பதிப்புகள். 1966-இல் ஜனவரி 2 தொடங்கி டிசம்பர் 25 வரை 52 ஞாயிறு. பிறகு தமிழக வார இதழ்களான விகடன், கல்கி, குமுதம். மாத இதழ்களில் கலைமகள். சிற்றிதழ்களில் சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து', நா. பார்த்தசாரதியின் 'தீபம்', 1965-இல் டில்லியில் தொடங்கிய 'கணையாழி'.

எல்லாவற்றையும் ஒரே ஆள் எடுக்காதீர்கள். வார இதழ் ஒன்று, சிற்றிதழ் ஒன்று, இங்குள்ள ஞாயிறு பதிப்பு ஒன்று. ஒருவருக்கு அது போதும்.

எங்கே கிடைக்கும்?

தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் உள்ளன. தேதியை வைத்துத் தேடுங்கள். பழைய தமிழ் அச்சைக் கணினி பிழையாகத்தான் படிக்கும் என்பதால் சொல்லை வைத்துத் தேடினால் ஏமாற்றமே. தமிழக இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழிணையம் மின்னூலகமும் உண்டு. தமிழ் நேசனுக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தையும் கோலாலம்பூர் தேசிய நூலகத்தையும் கேளுங்கள். பழைய இதழ்கள் அரசு நூலகத்தில் விட்டுவிட்டுத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

நூலகத்துக்குப் போகுமுன் தொலைபேசியில் அழைத்து, வேண்டிய தேதிகளைச் சொல்லி, இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். "1966 இதழ்கள் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். "1966 ஏப்ரல் 17, ஞாயிறு" என்று கேட்டால் அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள். அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள். பேனா எடுக்க விடமாட்டார்கள்.

எது எப்படியிருந்தாலும், முதலில் கேட்க வேண்டிய இடம் வீடுகள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பழைய கிராணி, முடிதிருத்தும் கடைக்காரர், இந்த மூன்று குடும்பங்களில்தான் மூட்டை இருக்கும். தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்தபோது முதலில் எரிந்தது காகிதம் என்பதால், பட்டணத்துக்கு முன்பே குடிவந்துவிட்டவர்கள் வீட்டில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து பைண்ட் செய்த தொகுதி கிடைத்தது. தேதியே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலான தொகுதிகள் அப்படித்தான் வரும். தொடர்கதையின் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டிங்கிற்குக் கொடுப்பது வழக்கம். பைண்டர் ஓரத்தைச் சமமாக வெட்டும்போது பக்கத் தலையிலோ அடியிலோ இருந்த தேதியும் போய்விடும்.

கதையை விட்டுவிட்டு ஒவ்வொரு தாளின் மறுபக்கத்தைப் பாருங்கள். கிழித்தவர் கதைக்காகக் கிழித்தாலும், பின்னால் இருந்ததும் கூடவே வந்திருக்கும். அங்கே சினிமா விளம்பரமோ விமரிசனமோ கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 'அன்பே வா' தமிழகத்தில் 1966 பொங்கலுக்கு, ஜனவரி 14-இல் வந்தது. 'சரஸ்வதி சபதம்' செப்டம்பர் 3-இல். "இன்று முதல்" என்று இருந்தால் அந்த வாரம், "வெற்றிநடை போடுகிறது" என்று இருந்தால் அதற்குச் சில வாரம் தள்ளி. இந்த ஊர் நாளேட்டில் வந்த விளம்பரம் என்றால் கவனம்: அதே படம் ஈப்போ கொட்டகைக்கு வந்தது பிந்தித்தான். தமிழகத் தேதியை இங்கே ஒட்டக்கூடாது.

அடுத்து அரசியல். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி என்று இருந்தால் ஜனவரி 11-க்கு முன் எழுதியது. இந்திரா காந்தி என்றால் ஜனவரி 24-க்குப் பின். ரூபாய் மதிப்புக் குறைப்பைப் பற்றிய புலம்பல் இருந்தால் ஜூன் 6-க்குப் பின். மலேசியப் பக்கத்தில் இந்தோனேசியச் சண்டை நடந்துகொண்டிருப்பதாக இருந்தால் ஆகஸ்ட் பாதிக்கு முன்.

ஒரே ஒரு அத்தியாயத்துக்குத் தேதி உறுதியானால் போதும், அங்கிருந்து ஏழேழு நாளாக முன்னும் பின்னும் எண்ணலாம். ஆனால் இரண்டு இடத்தில் உறுதி செய்யாமல் எண்ணாதீர்கள். தீபாவளி மலர் வாரத்தில் தொடர் வராமல் போவதுண்டு, ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்று "அடுத்த வாரம்" போடுவதும் உண்டு. ஒரு வாரம் நழுவினால் பின்னால் உள்ள எல்லாம் நழுவும். கணித்த தேதியைச் சதுர அடைப்புக்குள் எழுதி, எதை வைத்துக் கணித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

என் மகளுக்குத் தமிழ் நன்றாக வரும். ஆனால் அந்த அச்சைப் படிக்கத் தடுமாறுகிறாள்.

தடுமாறுவது 13 எழுத்துகளில்தான். ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. இவற்றின் இன்றைய வடிவத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் லை, னை முதலியவற்றில் முன்னால் ஐகாரக் கொம்புக்குப் பதில் எழுத்தின் மேலேயே ஒரு துதிக்கை வளைந்து நிற்கும். ணா, றா, னாவில் துணைக்கால் தனியாக இராமல் எழுத்தோடு சுழித்து ஒட்டியிருக்கும். பதின்மூன்றையும் ஓர் அட்டையில் பெரிதாக வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முழு ஞாயிறு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் பக்கத்தில் அட்டை தேவைப்படாது.

கைப்பேசியில் படமெடுத்தால் போதாதா?

போதும், எடுக்கிற மாதிரி எடுத்தால். 12 மெகாபிக்சல் கேமராவில் வார இதழின் ஒரு பக்கம் முழுச் சட்டத்தை நிறைத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் கிடைக்கும். நாளேட்டின் முழுப் பக்கத்தை அதே மாதிரி ஒரே படத்தில் அடக்கினால் அதில் ஏறத்தாழ பாதிதான் தேறும், பொடி எழுத்தின் புள்ளிகள் காணாமல் போகும். அதனால் நாளேட்டுப் பக்கத்தை நான்காகப் பிரித்து எடுங்கள், ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு இரண்டு விரற்கடை ஒன்றன்மேல் ஒன்று வரும்படி.

பிளாஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கைச் சாய்வாக வையுங்கள், அல்லது வெயில் நேராக விழாத ஐந்தடி (கடைமுகப்பு நடைபாதை) நிழலில் எடுங்கள். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து தெரிந்து குழப்புகிறதா? தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை ஒன்றைச் செருகுங்கள். வெள்ளைத்தாள் செருகினால் இன்னும் மோசமாகும்.

பைண்ட் செய்த தொகுதியை போட்டோஸ்டாட் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். கண்ணாடியில் கவிழ்த்து மேலே அழுத்தினால் முதுகுத் தையல் தெறிக்கும், தாள் மடிப்பில் ஒடியும். உள் ஓரத்து எழுத்தும் அப்போதும் விழாது. தொகுதியைப் பாதி மட்டும் திறந்து, இரு பக்கமும் தலையணை அணைத்து, ஒரு பக்கத்தை நேராகப் பார்த்து எடுக்க வேண்டும். வலப்பக்கங்கள் எல்லாம் முதலில், பிறகு இடப்பக்கங்கள்.

கோப்பின் பெயர் தேதியில் தொடங்கட்டும்: 1966-11-20, இதழின் பெயர், பக்க எண். ஆண்டு முன்னால் இருந்தால் கணினி தானாகவே வரிசைப்படுத்தும். படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பூச்சி, ஈரம்?

செய்தித்தாள் காகிதம் மரக்கூழில் செய்தது. அதில் தங்கிய லிக்னினும் அமிலமும்தான் மஞ்சளாக்கி நொறுக்குகின்றன. அதை நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். அறையின் ஈரப்பதம் 50, 55 விழுக்காட்டில் இருந்தால் நல்லது. நம் ஊரில் குளிர்சாதனம் இல்லாமல் அது நடக்காத காரியம் என்பதால், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். பெட்டியைச் சிமெண்டுத் தரையிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வைக்காதீர்கள்.

வெள்ளிப்பூச்சி இருந்தால் தொகுதியைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் சுற்றி ஒட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது. ஒரு முழு நாள் அப்படியே கிடந்து அறை வெப்பத்துக்கு வரட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் பூத்து, பூச்சிக்குத் தப்பியது பூஞ்சைக்குப் போகும்.

பாச்சை உருண்டையைத் தாளோடு வைக்காதீர்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை பழுப்பாகி எழுத்தையும் தின்னும். லேமினேட் செய்வது கொலை. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பெரியவர்களுக்கு மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

கதை சரி. செய்திக் கட்டுரையை எப்படி எடைபோடுவது?

இதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். கதையைப் பத்துப் பேர் எடுத்துக்கொள்வார்கள், கட்டுரைக்கு ஆள் இருக்காது. ஒரு பயிற்சியாக 1966-இன் மூன்று ஆங்கிலக் கட்டுரைகளை முதலில் வாசிக்கச் சொல்கிறோம். எஸ்குவயர் ஏப்ரல் இதழில் கே டலீஸ், பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் பற்றி எழுதினார். சளி பிடித்திருந்த சினாட்ரா பேட்டி தர மறுத்துவிட்டார். டலீஸ் ஊரைவிட்டுப் போகாமல், அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசியும் தூரத்திலிருந்து பார்த்துமே கட்டுரையை முடித்தார். அக்டோபர் இதழில் ஜான் சாக், ஃபோர்ட் டிக்ஸ் பயிற்சி முகாமிலிருந்து வியட்நாம் வரை ஒரு படைப்பிரிவோடு போனார். மே 7 சாட்டர்டே ஈவினிங் போஸ்டில் ஜோன் டிடியன் ஒரு கொலை வழக்கை எழுதத் தொடங்கியது நீதிமன்றத்திலிருந்து அல்ல, அந்தப் பள்ளத்தாக்கின் நிலத்திலிருந்தும் வறண்ட காற்றிலிருந்தும்.

இந்த மூன்றையும் வாசித்தவர் நம் ஞாயிறு பக்கத்துக்குத் திரும்பினால் கேள்விகள் தாமாக வரும். எழுதியவர் அந்தத் தோட்டத்துக்குப் போனாரா, அறிக்கையை வைத்து எழுதினாரா? எத்தனை பேர் பேசுகிறார்கள், அதில் பெண் உண்டா? தொகை வெள்ளி, காசுக் கணக்கில் இருக்கிறதா, "சொற்பக் கூலி" என்று மழுப்புகிறதா? உள்ளதைச் சொன்னால், அந்தக் காலத்துப் பல கட்டுரைகள் மேடைப் பேச்சின் எழுத்து வடிவம்தான். அதற்காக ஒதுக்காதீர்கள். சில சமயம் கடிதப் பகுதியில் ஒரு மண்டோரோ (வேலை மேற்பார்வையாளர்) பால்மரத் தொழிலாளியோ எழுதிய பத்து வரி, மூன்று பத்தித் தலையங்கத்தைவிட அதிகம் சொல்லும். கடிதமும் தேர்வுக்கு உரியதே.

சம்பவத்தை ஒருமுறையாவது வேறு ஏட்டோடு ஒப்பிடுங்கள். அதே வாரத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் இருக்கிறது, ஆங்கிலத்தில் சொல் தேடல் ஓரளவு வேலை செய்யும். தோட்டத்தின் பெயரைப் பலவிதமாக எழுதித் தேடுங்கள்.

தோட்டத்துக் கதைகள் எல்லாம் ஒரே அழுகையாக இருக்கின்றனவே?

பல அப்படித்தான். குடிகாரக் கணவன், கொடுமைக்காரக் கங்காணி, கடைசிப் பாராவில் ஒரு சாவு. இதிலிருந்து நல்லதைப் பிரிக்க ஒரு வழி, வேலையைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது. விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டோடு நிரைக்கு, அதாவது தங்கள் மர வரிசைக்கு, போவார்கள். மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும், ஆகவே மழை நாளில் வெட்டு இல்லை, கூலியும் போகும். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) உறைந்ததும் கோட்டில் காய்ந்ததும் ஒட்டுப்பால், அதற்கு வேறு விலை. உச்சி வெயிலிலோ கொட்டும் மழையிலோ கதாநாயகி பால் வெட்டினால், எழுதியவர் தோட்டத்தைப் பேருந்துச் சன்னலில் பார்த்தவர். மழைக்காக வானத்தைப் பார்த்து மனத்துக்குள் கூலிக் கணக்குப் போடும் பெண் வந்தால், அந்தக் கதையை மேலும் வாசியுங்கள்.

உள்ளூர்க் கதைகளுக்கு வழிகாட்டியாக சை. பீர்முகம்மது தொகுத்து 1999-இல் வெளியான 'வேரும் வாழ்வும்' தொகுப்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை வாசித்து முடித்த பிறகு இதழுக்கு வராதீர்கள். இதழை முதலில் வாசித்து, உங்கள் தேர்வை எழுதி வைத்துவிட்டு, பிறகு தொகுப்பைத் திறங்கள்.

புனைபெயர்கள்?

தனி ஏடு போடுங்கள். ஒரே எழுத்தாளர் ஒரே இதழில் இரண்டு பெயரில் எழுதியிருப்பார். பெண் பெயர் இருந்தால் எழுதியது பெண் என்று முடிவு கட்டாதீர்கள். சுஜாதா என்பது ரங்கராஜன் எடுத்துக்கொண்ட மனைவி பெயர். அதே ஆள் அந்தக் காலத்துக் கணையாழியின் கடைசிப் பக்கத்தில் வேறு பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். அச்சில் உள்ள பெயரை அப்படியே பதியுங்கள், யார் என்பது உறுதியானால் மட்டும் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள்.

தேர்வு எப்படி நடக்கிறது?

பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மாதம். ஜனவரி, மே, ஜூலை, அக்டோபர் நான்கிலும் ஐந்து ஞாயிறு வருகிறது. ஜனவரிக்குப் பொங்கல் மலரும் நவம்பருக்குத் தீபாவளி மலரும் கூடுதல் சுமை. அந்த மாதங்களை வேலையில் இருப்பவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஒருவர் தம் மாதத்திலிருந்து அதிகபட்சம் மூன்று கதை, இரண்டு கட்டுரை தரலாம். மொத்தம் அறுபதைத் தாண்டாது. ஒவ்வொன்றையும் வேறொருவர் ஆசிரியர் பெயரை மறைத்து வாசிப்பார். இருவரும் ஒப்புக்கொண்டவை இறுதிச் சுற்றுக்குப் போகும். அங்கே இருபதுக்குள் நிறுத்துகிறோம்.

பரிந்துரைச் சீட்டில் கதைச்சுருக்கம் எழுதாதீர்கள். இதழ், தேதி, பக்கம், பெயர்; பிடித்த ஒரு வாக்கியம் அச்சில் உள்ளபடி; ஏன் என்று மூன்று வரி. "மனத்தைத் தொட்டது" என்பது காரணமாகாது.

தேர்ந்தவற்றை நாங்களே மறுபடி அச்சிடலாமா?

எல்லாவற்றையும் முடியாது. மலேசியாவில் பதிப்புரிமை எழுத்தாளர் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டு, இந்தியாவில் 60. ஜெயகாந்தன் 2015-இல் மறைந்தார். அவர் கதை இங்கே 2065 முடியும்வரை, இந்தியாவில் 2075 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. பெயரில்லாமலோ, யார் என்று தெரியாத புனைபெயரிலோ 1966-இல் வந்தவை மலேசியச் சட்டப்படி 2016 முடிவோடு விடுபட்டுவிட்டன, இந்தியாவில் 2026 முடிவில் விடுபடும். பெயர் தெரிந்த உள்ளூர் எழுத்தாளர் என்றால் குடும்பத்தைத் தேடிப் பிடித்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது; பிள்ளைகள் பலர் இருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பட்டியலை, அதாவது தலைப்பு, பெயர், இதழ், தேதி, பக்கம், உங்கள் மூன்று வரி ஆகியவற்றை வெளியிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.